அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பதவிக்குப் பின் லாபியிஸ்ட் ஆவதில் என்ன தவறு?

பதவியை விட்டவர், நிறுவனங்களுக்காகச் சட்டம் இயற்றுவோரிடம் பரிந்து பேசும் லாபியிஸ்ட் வேலை கிடைத்து அதற்குப் போவதை எப்படிக் குறை சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். லூசியானா மாநிலத்து உறுப்பினராக இருந்த பில்லி டோசன் கதையைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

1980 முதல் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் இருந்த அவர், 1995இல் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறி, 2001இல், மருத்துவம் தொடர்பான சட்டங்களையும் கவனிக்கும் எரிசக்தி, வணிகக் குழுவின் தலைவரானார். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவையும் சேர்த்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். வழக்கமாகக் கால் மணி நேரத்தில் முடியும் வாக்கெடுப்பை, அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கி ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீட்டித்துத்தான் 220க்கு 215 என்று அதை நிறைவேற்றினார்கள். அச்சட்டத்தால் கோடிக்கணக்கான முதியோர் பயனடைந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், மருந்து நிறுவனங்களோடு அரசு நேரடியாக விலை பேசக்கூடாது என்ற பிரிவும் அதில் இருந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான துறை அவ்வாறு பேரம் பேசிக் குறைந்த விலைக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே இப்படி எழுதினார்கள்.

சட்டம் கையெழுத்தான சில வாரங்களிலேயே, மருந்து உற்பத்தியாளர் சங்கமான ஃபார்மா அவரைத் தலைமைப் பதவிக்கு அழைப்பதாகச் செய்தி வெளியானது. 2005 ஜனவரியில் அவர் அப்பொறுப்பை ஏற்றார். ஊதியம் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் என்றார்கள். இடைப்பட்ட 2004இல் புற்றுநோயிலிருந்து மீண்டிருந்த அவர், புதிய மருந்தொன்றே தம்மைக் காப்பாற்றியது என்று சொன்னார். அந்த நன்றியுணர்வை நான் சந்தேகிக்கவில்லை.

சபையிலிருந்து விலகியவர் ஓராண்டு காலம் பழைய சக உறுப்பினர்களிடம் பரிந்து பேசக்கூடாது என்று அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. ஆனால் சங்கத்துக்குத் தலைமை தாங்குவதையோ, உத்தி வகுத்துக் கொடுப்பதையோ அது தடுப்பதில்லை. அதைவிடப் பெரிய குறை, பதவியில் இருக்கும்போதே அடுத்த வேலை கண்ணில் படுவதுதான். குழுத் தலைவர் ஒருவர் எழுதும் பிரிவு மக்களுக்காகவா, வருங்கால முதலாளிக்காகவா என்று எந்த விசாரணையாலும் நிறுவ முடியாது.

டோசன் 2010இல் ஃபார்மாவை விட்டு விலகினார். அரசு விலை பேசக்கூடாது என்ற தடையோ 2022ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தும்வரை நீடித்தது. அதன்படி பேரம் பேசி முடிவான முதல் 10 மருந்துகளின் விலை 2026 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. 2006இல் தம் 65ஆவது வயதில் இந்த மருந்துத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு அப்போது 85 வயது.