அம்மாவின் பிள்ளையார் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு மாதமாக அத்வைத நூல்களைப் படித்து வருகிறேன். யூத மதமும் கிறிஸ்தவமும் இஸ்லாமும் கடவுளை ஓர் ஆளாகக் காண்கின்றன. இந்து மதம் குணமற்ற பிரம்மத்தைச் சொல்கிறது. இதுவே முதிர்ந்த நிலை என்று தோன்றுகிறது. ஐன்ஸ்டைனும் ஆளாக இருக்கும் கடவுளை ஏற்கவில்லை. ஆனால் என் அம்மா தினமும் காலையில் பிள்ளையாரிடம் குடும்பக் கணக்கை ஒப்பிக்கிறார். இந்தக் கீழ்ப்படியிலிருந்து அவரை எப்படி மேலே கொண்டுவருவது?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

ஐன்ஸ்டைனை விட்டுவிடுவோம், இயற்பியலில் அவர் பெரியவர் என்பதால் இந்த விஷயத்திலும் அவர் சொல் தீர்ப்பாகிவிடாது. அண்மையில் சிதம்பரம் போய்வந்த நாளிலிருந்து இதே கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதால்தான் உடனே எழுதுகிறேன்.

மதங்களை இரண்டு பெட்டிகளில் போட்டு மூடுவது படிப்பில் சோம்பல். இறைவன் இன்னது என்று சொல்ல முடியாது, இன்னது அல்ல என்று மட்டுமே சொல்லலாம் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்ட மைமோனிடிஸ் யூதர். ‘அவனைப் போன்றது எதுவுமில்லை’ என்கிற அதே குர்ஆன்தான், மனிதனுக்கு அவனுடைய பிடரி நரம்பைவிட இறைவன் அருகில் இருப்பதாகவும் சொல்கிறது. நம் பக்கம் வாருங்கள். ‘நிர்க்குணம்’ என்ற சொல்லுக்கே தாழ்ந்த குணங்கள் இல்லாதவன் என்று பொருள் கொண்டவர் இராமானுஜர். சைவ சித்தாந்தம் பதி என்று அழைக்கும் இறைவனோ உயிர்களுக்கு அருள்கிறவன். அத்வைதம் சொன்ன சங்கரர் ஒருவரைப் படித்துவிட்டு, இந்து மதம் முழுவதற்கும் அவரையே கையெழுத்திடச் சொல்கிறீர்கள்.

சிதம்பரத்தில் ஆடுகிற நடராஜர் உருவம், ஸ்படிக லிங்கம் அருவுருவம், பக்கத்தில் தீட்சிதர் திரையை விலக்கித் தீபம் காட்டும்போது பொன் வில்வ மாலைகளுக்குப் பின்னே தெரியும் வெறுவெளி அருவம். மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அவற்றில் எது கீழ்ப்படி? ‘ஒருநாமம் ஓருருவம் ஒன்றுமில்லார்க்கு ஆயிரம் திருநாமம் பாடிநாம் தெள்ளேணம் கொட்டாமோ’ என்று பாடிய மாணிக்கவாசகருக்கு, பெயரே இல்லாதவனை ஆயிரம் பெயர் சொல்லி அழைப்பதில் கூச்சம் ஏதும் இருக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது அந்தக் ‘கீழ்ப்படி’ என்ற சொல். பெற்றவளைப் பற்றி எழுதுகிற சொல்லா அது?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது சித்தப்பா மஞ்சள் காமாலையில் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அப்பத்தா பூசை மாடத்திலிருந்த பழனி முருகன் படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் படத்தின் முதுகுதான்: பழுத்துப்போன அட்டை, துருவேறிய நான்கு ஆணிகள், சட்டம் போட்ட கடையின் மங்கிய முத்திரை. ஆனால் விளக்கு ஒருநாளும் நிற்கவில்லை. ஏன் ஏற்றுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். “அவன் மொகத்துல முழிக்கத்தான் எனக்கு இஷ்டமில்ல. அதுக்குன்னு புள்ளைய இருட்டுலயா விடுறது?” என்றாள்.

நிர்க்குணப் பிரம்மத்திடம் இப்படிக் கோபித்துக்கொள்ள முடியாது, கே. கோபிக்கவும் வழக்காடவும் பேச்சை நிறுத்தவும் எதிரே ஓர் ஆள் வேண்டும். பொறியியல் படித்தவராக இருந்தால் பாஸ்கலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1654 நவம்பர் 23ஆம் தேதி இரவு தனக்கு நேர்ந்த அனுபவத்தை எழுதிய தாளில் அந்தக் கணித மேதை, ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள், தத்துவவாதிகளின் கடவுள் அல்ல என்று குறித்து, அதைத் தன் சட்டையின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். இறந்த பிறகுதான் அது கண்டெடுக்கப்பட்டது. அந்த அறிவுக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் வேண்டியிருந்தது. சங்கரரைத் தொடர்ந்து படியுங்கள், அவர் மகத்தானவர். அம்மாவை மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள்.

அடுத்த ஆண்டு தைப்பூசத்தன்று நான் பள்ளியிலிருந்து வந்தபோது படம் மறுபடி எங்களைப் பார்த்து இருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த சுவர்ச் சுண்ணாம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, அப்பத்தா அந்த ஓராண்டு வீட்டுச் செய்தி முழுவதையும் தாழ்ந்த குரலில் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.