ஒரே மேசையில் 2014, 2024: டி அண்ட் டி புத்தகங்களைக் கலந்து ஆடலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்னும் கதை சொல்லும் பகடை ஆட்டத்தின் 2014 விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை வைத்து, கேம்பெயின் என்கிற ஒரு தொடர்கதையை ஆடி வருகிறோம். கதையை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) நான்தான். கேரக்டர்கள் எல்லாரும் ஐந்தாம் லெவலில் இருக்கிறார்கள். இப்போது இரண்டு பேர் 2024 புத்தகம் வாங்கிவிட்டு, உடனே மாறலாம் என்கிறார்கள். பாலடின் என்னும் புனித வீரனை ஆடுபவரோ முடியவே முடியாது என்கிறார். இரண்டையும் கலந்து ஆட முடியுமா? பழைய புத்தகம் இனி வீண்தானா?

பதில்: கலந்து ஆடலாம். பழைய புத்தகமும் வீணாகாது. ஆனால் எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். சண்டை, பதுங்கல், களைப்பு, ஸ்பெல் (மந்திரம்) போன்ற பொது விதிகள் எல்லாருக்கும் ஒரே பதிப்பிலிருந்து வர வேண்டும். கிளாஸை, அதாவது பாலடின், ஃபைட்டர் போன்ற கேரக்டர் வகையை, அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். ஆனால் 2014 பாலடின் என்றால் அவர் முழுக்க 2014 பாலடின். இதில் பாதி அதில் பாதி கிடையாது. சாகசக் கதைகள் எந்த ஆண்டில் வந்திருந்தாலும் ஓடும்.

இந்த அளவுக்குக் கலக்க முடிவதே இந்த ஆட்டத்தின் வரலாற்றில் அபூர்வம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ஆட்டம் இது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு வரைக்கும் ஆர்மர் கிளாஸ் எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு அதிகம். 2000இல் மூன்றாம் பதிப்பு அதை அப்படியே தலைகீழாக்கியது. 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது கேரக்டர் ஷீட்டே வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்த நாட்களில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ‘முடியாது’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். 2014லிருந்து 2024க்கு வந்த மாற்றம் அப்படிப்பட்டதல்ல. 2003இல் மூன்றிலிருந்து 3.5க்குப் போனார்களே, அந்த மாதிரி. ஆறாம் பதிப்பு என்று நிறுவனமும் சொல்லவில்லை, ஆடுபவர்கள் 5.5 என்கிறார்கள். இருபது முகப் பகடையை உருட்டி, போனஸைக் கூட்டி, எதிரியின் ஆர்மர் கிளாஸைத் தொட்டதா என்று பார்க்கும் அடிப்படை அப்படியே இருக்கிறது.

சரி, உங்கள் பாலடினிடம் வருவோம். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, அவர் பயத்துக்குக் கணக்கு இருக்கிறது. 2014 விதிப்படி ஐந்தாம் லெவல் பாலடின் ஒரு டர்னில் இரண்டு முறை வெட்டலாம். பட்ட ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை (அளவாகவே கிடைக்கும் மந்திர வாய்ப்பு) செலவழித்து டிவைன் ஸ்மைட் என்னும் கூடுதல் அடியைச் சேர்க்கலாம். இரண்டாம் நிலை ஸ்லாட் என்றால் மூன்று எட்டுமுகப் பகடை. இரண்டு வெட்டும் பட்டால் ஆறு பகடை, சராசரியாக 27 கூடுதல் சேதம். 2024இல் டிவைன் ஸ்மைட் ஒரு ஸ்பெல்லாகிவிட்டது. அதற்குப் போனஸ் ஆக்ஷன், அதாவது ஒரு டர்னுக்கு ஒன்றே கிடைக்கும் துணைச் செயல், வேண்டும், அதனால் ஒரு டர்னுக்கு ஒன்றுதான். அதே ஸ்லாட்டில் சராசரி 13.5. நேர்பாதி. போதாக்குறைக்கு, அது ஸ்பெல் என்பதால் எதிரி மந்திரவாதி கவுண்டர்ஸ்பெல் போட்டுத் தடுக்கவும் முடியும்.

அவருக்குக் கிடைப்பவற்றையும் நேர்மையாக எடுத்துச் சொல்லுங்கள். தொட்டுக் குணமாக்கும் லே ஆன் ஹேண்ட்ஸுக்கு முன்பு முழு ஆக்ஷன் போய்விடும், இப்போது போனஸ் ஆக்ஷன் போதும். வெட்டிக்கொண்டே நண்பனைக் காப்பாற்றலாம். நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை ஸ்லாட் செலவில்லாமல் ஒரு ஸ்மைட் கிடைக்கும். ஐந்தாம் லெவலில் குதிரையை வரவழைக்கும் ஸ்பெல்லும் தானாக வந்துவிடும். ஆகமொத்தம் பாலடின் பலவீனமாகவில்லை. ஒரே டர்னில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும் ஆட்டம் மட்டும் போய்விட்டது. ஆனால் அந்த ஆட்டத்துக்காகவே பாலடின் எடுத்தவர் அவர் என்றால், நடுவழியில் பிடுங்குவது நியாயமில்லை. இந்தக் கேம்பெயின் முடியும்வரை அவர் பழைய பாலடினாகவே இருக்கட்டும். ஆட்டம் எங்கும் உடையாது.

ஃபைட்டர், பார்பேரியன், ரோக், மங்க் ஆடுபவர்களோ மாறியே தீர வேண்டும் என்பேன். 2024இன் உண்மையான பரிசு இவர்களுக்குத்தான். முதல் மூவருக்கும், பாலடினுக்கும் ரேஞ்சருக்கும் கூட, வெப்பன் மாஸ்டரி (ஆயுதத்துக்கேற்ற கூடுதல் விளைவு) என்று ஒன்று வந்திருக்கிறது. லாங்ஸ்வோர்டால் அடித்தால் எதிரியின் அடுத்த தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ், அதாவது பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். மால் என்னும் பெரிய சம்மட்டியால் அடித்தால், எதிரி சேவில் (தப்பிக்க உருட்டும் பகடை) தோற்றால் கீழே விழுவான். கிரேட்ஸ்வோர்ட் குறி தப்பினாலும், ஸ்ட்ரெங்த் 16 உள்ளவர் கையில் மூன்று சேதம் உண்டு. ‘அடிக்கிறேன், தப்பிவிட்டது, அடுத்தவர்’ என்று டர்ன் வீணாகும் அந்த அலுப்பு போய்விடுகிறது. மங்க்குக்கு அடிக்கும் பகடையே நான்கு முகத்துக்குப் பதில் ஆறு முகத்தில் தொடங்குகிறது. பழைய மங்க் பக்கத்தில் புதிய ஃபைட்டர் உட்கார்ந்தால் ஒரே மாலையில் மங்க்கின் முகம் வாடிவிடும். கலப்பு மேசையில் டிஎம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

டிஎம் பக்கத்து மாற்றத்துக்கு நீங்கள் தாண்டி வந்த முதல் லெவலையே உதாரணமாக எடுக்கிறேன், அங்கேதான் பளிச்சென்று தெரியும். 2014 ஸ்டார்ட்டர் செட்டில் வந்த சாகசம், காப்ளின் என்னும் குட்டி அரக்கர்கள் நால்வர் வழியில் பதுங்கியிருந்து தாக்குவதில் ஆரம்பிக்கும். ஒரு காப்ளினுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), மொத்தம் 200. பழைய கணக்கில் மூன்று முதல் ஆறு எதிரிகள் இருந்தால் இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 400. முதல் லெவல் கேரக்டர்கள் நால்வருக்கு அது ‘டெட்லி’, அதாவது இருப்பதிலேயே ஆபத்தான நிலையின் எல்லையைத் தொடுகிறது. 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் அந்தப் பெருக்கலே கிடையாது. அதே 200 அங்கே ‘லோ’, அதாவது இருப்பதிலேயே எளிய நிலை. சும்மா பெயரை மாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பழைய விதியில், பதுங்கியிருப்பவர்களைக் கவனிக்காமல் ஏமாந்தவர் முதல் டர்னில் நகரவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது. ஏழெட்டு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) உள்ள மந்திரவாதிக்கு, சராசரி 5.5 சேதம் தரும் இரண்டு அம்புகள் பட்டால் கதை முடிந்தது. புதிய விதியில் ஏமாந்தவருக்கு இனிஷியேட்டிவில் (யார் முதலில் என்று தீர்மானிக்கும் உருட்டல்) டிஸ்அட்வான்டேஜ் மட்டும்தான். அவருடைய டர்ன் அவருக்கு உண்டு. குணமாக்கும் போஷன் (மருந்து) குடிக்கவும் இப்போது போனஸ் ஆக்ஷன் போதும். காயம் ஆற்றும் ஸ்பெல்லான கியூர் வூண்ட்ஸ் ஒரு எட்டுமுகப் பகடைக்குப் பதில் இரண்டு உருட்டுகிறது.

கேரக்டர்கள் பலமாகிவிட்டதால் அரக்கர்களையும் கூர்மையாக்கியிருக்கிறார்கள். ஓநாய் கடித்தால் முன்பு ஸ்ட்ரெங்த் சேவ் போட்டு நின்றுவிடலாம். 2025இல் வந்த மான்ஸ்டர் மேனுவலில், கடி பட்டாலே ஆள் கீழேதான். ஆகவே புதிய கேரக்டர்களை வைத்துக்கொண்டு பழைய சாகசம் நடத்தும்போது, அதே பெயரில் புதிய அரக்கர் இருந்தால் அதை எடுத்துப் போடுங்கள். இல்லையென்றால் பழையதையே ஓட்டி, எண்ணிக்கையில் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

களைப்பு விதியைக் கண்ணை மூடிக்கொண்டு புதிதாக மாற்றிவிடலாம். பழைய ஆறு படி அட்டவணையை யாருமே நினைவில் வைத்திருப்பதில்லை. இப்போது ஒவ்வொரு படிக்கும் இருபது முகப் பகடையில் இரண்டு கழியும், வேகத்தில் ஐந்து அடி குறையும், ஆறாவது படியில் மரணம்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது. 2014இல் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி போன்ற எண்களுக்கான கூடுதல் ரேஸிலிருந்து, அதாவது கேரக்டரின் இனத்திலிருந்து, வரும். 2024இல் அது பேக்கிரவுண்டிலிருந்து (கேரக்டரின் முன்கதை) வருகிறது. புதிய புத்தகத்தில் ஹாஃப் எல்ஃப் இனம் இல்லை என்று பழைய புத்தகத்திலிருந்து அதை எடுத்து, புதிய பேக்கிரவுண்டையும் சேர்த்தால் கூடுதல் இரண்டு முறை ஏறிவிடும். பழைய இனத்தை எடுக்கிறவர் அதிலுள்ள கூடுதலை விட்டுவிட வேண்டும். பழைய சப்கிளாஸை (கிளாஸின் உட்பிரிவு) புதிய கிளாஸில் ஒட்டினால், அது முன்பு எந்த லெவலில் தொடங்கியிருந்தாலும் இப்போது மூன்றாம் லெவலில்தான் தொடங்கும்.

காசு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இரண்டு பிரதிகள் மேசையில் இருக்கின்றன, அது தாராளம். மற்றவர்களுக்கு, 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியான அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.2 போதும். பன்னிரண்டு கிளாஸும் அதில் இருக்கின்றன, கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸ் வீதம். சண்டைகளை நீங்களே வடிவமைப்பவர் என்றால் அடுத்த செலவு மான்ஸ்டர் மேனுவலாக இருக்கட்டும். டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஓடும் சாகசத்தின் நடுவில் மாற வேண்டாம். அவர்கள் ஊர் திரும்பி ஆறாம் லெவலுக்கு ஏறும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று பாலடின் தவிர மற்றவர்கள் புதிய ஷீட் எழுதட்டும். பாலடினுக்கும் புதிய விதிப்படி ஒரு ஷீட் போட்டு, கதையில் சேராத ஒரு சண்டையில் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்தால் வரட்டும், பிடிக்காவிட்டால் பழைய ஷீட் அவர் கையிலேயே இருக்கட்டும்.