வாசகரிடம் பேசுவதற்கு முன், தங்களுக்குள் பேசட்டும்

கேள்வி: நான் ஒரு முழுநேரக் கிளை நூலகத்தின் பொறுப்பு நூலகர். காலை 8 முதல் இரவு 8 வரை ஐந்து பேர் இரண்டு ஷிஃப்டாக வேலை செய்கிறோம். ‘எரிந்து விழுகிறார்கள்’ என்று வாசகர்கள் புகார் எழுதுகிறார்கள். மூத்த பணியாளர் ஒருவரும் புதிதாக வந்தவரும் முகம் கொடுத்தே பேசுவதில்லை. பேச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தினால் சரியாகுமா?

பதில்: வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் இரண்டு புகார்களாகச் சொன்னவை பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை. கேட்டதற்குப் பதில் தெரியாதபோதுதான் கவுன்டரில் இருப்பவருக்குக் கோபம் வருகிறது. அந்தப் பதில் பல நேரம் அடுத்த ஷிஃப்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு பெரியவருக்கு ஒரு நாவல் வேண்டும். “திரும்பி வந்ததும் எடுத்து வைக்கிறேன், மாலையில் வாருங்கள்” என்கிறார் காலைப் பணியாளர். மதியம் புத்தகம் வருகிறது. விஷயம் தெரியாத மாலைப் பணியாளர் அதை வேறொருவருக்கு இரவல் கொடுத்துவிடுகிறார். பெரியவர் வந்து நிற்கிறார். “யார் சொன்னது? என்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே!” இந்த வாக்கியம் வாசகரையும் புண்படுத்துகிறது, அங்கே இல்லாத சக ஊழியரையும் குற்றவாளியாக்குகிறது. மறுநாள் அது அவர் காதுக்குப் போகும். உங்கள் பணியாளர்கள் இருவரின் மௌனமும் இப்படி ஏதோ ஒன்றில் தொடங்கியிருக்கலாம்.

ஆகவே முதலில் ஓர் ஒப்படைப்பு நோட்டு வையுங்கள். யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், எந்தக் கணினி ஓடவில்லை, எந்த நாளிதழ் வரவில்லை, எந்த உறுப்பினரின் அட்டையில் சிக்கல் என்று நான்கைந்து வரி போதும். ஷிஃப்ட் மாறும்போது இரு தரப்பும் பத்து நிமிடம் சேர்ந்து நின்று அதைப் படிக்க வேண்டும். ஒரு கண்டிப்பு மட்டும் தேவை: நோட்டில் வேலை பற்றி எழுதலாம், ஆள் பற்றி எழுதக் கூடாது. ‘புத்தகங்கள் அடுக்கப்படவில்லை, கவனக்குறைவு’ என்பது குற்றப்பத்திரிகை. ‘திரும்பி வந்த நூல்கள் மேசையில் இருக்கின்றன, அடுக்க வேண்டும்’ என்பது தகவல்.

அந்த இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து “சமாதானமாகப் போங்கள்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தனித்தனியே பேசுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள். எந்த அலமாரியில் எந்த நூல் என்று மூத்தவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். புதியவருக்குக் கணினி கைவந்திருக்கும். தன் அனுபவத்துக்கு மதிப்பில்லை என்று ஒருவரும், தன்னை வேலை செய்ய விடுவதில்லை என்று மற்றவரும் நினைப்பது பல நூலகங்களில் நான் கண்டது. இருப்புச் சரிபார்ப்பை இருவரிடமும் சேர்த்து ஒப்படையுங்கள். ஒருவர் அலமாரியிலிருந்து எண்ணைப் படிக்க, இன்னொருவர் பதிவு செய்யட்டும். அந்த வேலை பேச்சில்லாமல் நடக்காது. தவறு கண்டால் வாசகர் முன்னிலையில் திருத்தாதீர்கள். இதை நீங்களே முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

இனி வாசகர்கள். வாசகர் முதலில் கேட்பது அவருக்கு உண்மையில் வேண்டியதாகப் பல நேரம் இருக்காது. “சட்டப் புத்தகம் எங்கே இருக்கிறது?” என்று ஒரு பெண் கேட்டால், “மூன்றாவது அலமாரி” என்று கை காட்டுவதோடு நம் ஆட்கள் நிறுத்திவிடுகிறார்கள். “எது தொடர்பாகப் பார்க்கிறீர்கள் அம்மா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், இறந்துபோன தந்தையின் நிலத்துக்குப் பட்டா மாற்ற வழி தேடி வந்திருக்கிறார் என்பது தெரிந்திருக்கும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அந்த ஒரு கேள்வி மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் “எதற்கு?” என்று மொட்டையாகக் கேட்டால் விசாரணை போல ஒலிக்கும், தொனியைச் சொல்லிக்கொடுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது இன்னொரு பழக்கம். ஒருவர் தாழ்ந்த குரலில் ஒரு நோயைப் பற்றிய புத்தகம் கேட்கிறார். பணியாளர் அந்த நோயின் பெயரைச் சொல்லி, கூடத்தின் மறுகோடியில் இருக்கும் சக ஊழியரிடம் சத்தமாக விசாரிக்கிறார். நாளிதழ் படிப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த வாசகர் மறுபடி வருவாரா? இத்தகைய கேள்வி வந்தால் எழுந்து போய், அலமாரி அருகே நின்று பேச வேண்டும்.

“இல்லை” என்ற சொல்லோடு யாரையும் அனுப்பாமல், மாவட்ட மைய நூலகத்தில் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்லப் பழக்குங்கள். போட்டித் தேர்வு மாணவர்களின் இடச்சண்டைக்கு விதியை எழுதி ஒட்டிவிட்டாலே பாதி வாக்குவாதம் குறையும்.

மூன்று மாதம் கழித்து வகுப்பு நடத்துங்கள். நோட்டிலிருந்து இரண்டு சம்பவங்களை எடுத்து, ஒருவர் வாசகராகவும் ஒருவர் பணியாளராகவும் பேசிப் பார்க்கட்டும். ஐந்து பேரும் இருக்க வேண்டும், நீங்களும் ஒருமுறை வாசகராக நில்லுங்கள். புகாருக்கு ஆளானவரை மட்டும் உட்காரவைத்தால் அது அவருக்குத் தண்டனையாகத்தான் படும்.