சிவப்பு மையைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

கேள்வி: கோபி பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளர் நான். முதலாண்டில் இரண்டு வகுப்புகள், மொத்தம் 124 பேர். பருவத்துக்கு ஒரு கட்டுரை எழுதி வாங்கி அகமதிப்பீட்டில் 5 மதிப்பெண்ணுக்குப் போட வேண்டும். ஒற்றுப்பிழை, ரகர றகரக் குழப்பம் என்று ஒன்று விடாமல் திருத்துகிறேன். இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது. திருப்பிக் கொடுத்தால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அடுத்த பருவத்திலும் அதே பிழைகள். பாதிப் பேர் செல்பேசியைப் பார்த்து எழுதுகிறார்கள். போதாததற்கு, நான் 2 போட்டதற்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் 4 போடுவார் என்று வாதாடுகிறார்கள். நான் எங்கே தவறுகிறேன்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அம்மணி, கட்டுரைக்குப் பத்து நிமிடம் என்றாலும் 124 கட்டுரைக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரமும் நீங்கள் பார்த்தது அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர் வேலை. அவர் திருத்தியதைச் சேர்த்து மறுபடி அச்சிட ஆள் உண்டு. உங்கள் திருத்தத்தைச் சேர்த்து மறுபடி எழுத யார் இருக்கிறார்கள்? மதிப்பெண்ணும் போட்டு முடித்த தாளில் திருத்துவது, அறுத்துவிட்ட வயலுக்குத் தண்ணீர் கட்டுவதுதான்.

ஒரே கட்டுரையை இரண்டு முறை எழுத வையுங்கள். முதல் பிரதிக்கு மதிப்பெண் போடாதீர்கள். ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்து 1988-ல் வெளியிட்டார். கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை என்பது உங்களுக்கே தெரிந்ததுதான்.

பிழைகளுக்கும் ஒரு வழி உண்டு. ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர் 1983-ல் எழுதியது: பிழையைத் திருத்தாதே, பிழை இருக்கும் வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடு. அவருடைய மாணவர்கள் பாதிக்கு மேற்பட்ட பிழைகளைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். தெரியாமல் செய்த பிழையைவிடத் திரும்பப் படிக்காமல் விட்ட பிழையே அதிகம். வல்லினம் மிகும் இடம் மட்டும் இப்படி அகப்படாது. அதை வகுப்பில் பத்து நிமிடம் நடத்தித்தான் ஆக வேண்டும். (அந்த இடத்தில் எனக்கே இன்னும் கை தயங்கும். இந்தப் பத்தியைத் திருத்துகிற உதவி ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.)

கோட்டைப் போட்டுவிட்டால் பேனாவுக்கு வேறு வேலை கிடைக்கும். நன்னூல் எழுதிய பவணந்தியாருக்குப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் ஊர் என்று நம் கொங்கு நாட்டில் சொல்வது வழக்கம். அவர் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். நாம் அதை மனப்பாடப் பகுதியாக்கி, ஒப்பித்தவனுக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு மறந்துவிட்டோம். குன்றக் கூறல் (சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது), மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் (எடுத்த பொருளை விட்டு வேறொன்றை வளர்ப்பது), சென்று தேய்ந்து இறுதல் (போகப் போகச் சுவை குறைந்து முடிவது)... மாணவர் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போலவே இல்லையா? ‘நன்று, இன்னும் முயல்க’ என்று நாம் எழுதுவதை எந்தத் தாளிலிருந்தும் எந்தத் தாளுக்கும் மாற்றி ஒட்டலாம். ‘மூன்றாம் பத்தி மற்றொன்று விரித்தல்’ என்பது அந்த ஒரு தாளுக்கு மட்டுமே பொருந்தும்.

நான் வகுப்பெடுத்த காலத்தில் சத்தியமங்கலம் பக்கத்து மாணவி ஒருத்தி மஞ்சளைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். மங்கலப் பொருள், கிருமிநாசினி, மகளிர் முகத்துக்கு அழகு. எல்லாம் பொங்கல் மலரில் வருவது. கடைசிப் பக்கத்தில், தவறி விழுந்தது போல ஒரு வரி: “எங்கள் தோட்டத்து மஞ்சளை இரண்டு வருடமாக விற்காமல் வைத்திருக்கிறோம்.” நான் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, ‘இங்கே குன்றக் கூறல், மற்ற இடமெல்லாம் மிகைபடக் கூறல். ஏன் விற்கவில்லை?’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாம் பிரதி ஒன்றரைப் பக்கம்தான். மூட்டைகளை அடுக்கியிருப்பது அவள் படுக்கிற அறை. அடி மூட்டையில் வண்டு விழுந்து தரையெல்லாம் மஞ்சள் தூள். அப்பா தினமும் சாயங்காலம் ஈரோட்டு விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனை வைக்கிறார். விரல் போல நீண்ட விரலி மஞ்சளுக்குக் கிடைக்கிற விலை உருண்டைக் கிழங்குக்குக் கிடைப்பதில்லை. இவர்கள் மூட்டையில் கிழங்கே அதிகம். அவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதத்தில் மட்டும் இரண்டு மூட்டை வண்டி ஏறியது. ஒற்றுப்பிழை ஏழு இருந்தது, எண்ணினேன், பழக்கதோஷம்.

செல்பேசிக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. ‘விவசாயத்தின் முக்கியத்துவம்’ என்று தலைப்புக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு உங்களையும் என்னையும்விட வழவழப்பாக எழுதிக் கொடுக்கும். திருடனைப் பிடிக்கிற வேலையில் இறங்காதீர்கள், அதற்கு முடிவே இல்லை. செல்பேசிக்குத் தெரியாததைக் கேளுங்கள். உங்கள் வகுப்பில் விடுமுறைக்குத் திருப்பூர் போய்ப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிய பிள்ளைகள் இருப்பார்கள். முதல் நாள் கூலி என்ன, அது எதற்குச் செலவானது என்று கேளுங்கள். முதல் பத்தியை வகுப்பிலேயே, உங்கள் கண்ணெதிரில், பதினைந்து நிமிடத்தில் கையால் எழுதட்டும். மிச்சத்தை வீட்டில் எழுதினாலும் அந்தப் பத்தியோடு ஒட்டுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இனி அந்த 2, 4 வழக்கு. பால் டீடெரிச்சும் உடன் இருவரும் அமெரிக்காவில் 1961-ல் வெளியிட்ட ஆய்வில் 300 கட்டுரைகளை 53 பேர் 9 படிகளாகத் தரம் பிரித்தார்கள். ஆசிரியர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வக்கீல்கள் எல்லாம் அதில் உண்டு. 101 கட்டுரைகள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லாப் படியையும் வாங்கின! ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் எழுத்துப் பிழையைப் பார்த்தார். ஆகவே உங்கள் மாணவர்கள் சொல்வது வீண் வாதம் இல்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு ஒரு மாலை உட்காருங்கள். பெயரை மறைத்த ஐந்து தாள்களுக்கு இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் தடவை சண்டை வரும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று அந்தச் சண்டையில்தான் முடிவாகும். முடிவானதை எழுதத் தொடங்கும் முன்பே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

நேரம்? முதல் பிரதிக்கு நான்கு நிமிடம், இரண்டாம் பிரதிக்கு மூன்று நிமிடம் என்றாலும் பழைய கணக்கைவிடக் குறைவு. திருத்தாத தாளைப் பார்த்தால் துறைத்தலைவர் முகம் சுளிக்கக்கூடும். அதனால் அடுத்த பருவத்தில் ஒரு வகுப்பில் மட்டும் செய்து பாருங்கள். இரண்டு பிரதிகளையும் சேர்த்துத் தைத்து வாங்குங்கள். அவர் கேட்டால், நன்றாக மாறிய தாளும் கொஞ்சமும் மாறாத தாளுமாக ஆறேழு எடுத்துக் கொடுங்கள்.