கிலோ என்ன விலை?

அன்புள்ள ஐயா,

மிலானில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் 'சூப்பர்லெஜ்ஜேரா' நாற்காலியைப் பார்த்தேன். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஜியோ போன்டி வடிவமைத்தது. அழகான, எளிமையான, நேர்த்தியான, கவித்துவமான நாற்காலிதான். ஆனால் விலையைக் கேட்டதும் தலை சுற்றிவிட்டது. எடை வெறும் 1.7 கிலோ! அதுவும் கியாவரி ஊர்த் தச்சர்களைப் பார்த்துக் காப்பியடித்ததாம், மகன் சொன்னான். என் மனைவி அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள். நகல் ஒன்று வாங்கினால் போதாதா?

ச.

அன்புள்ள ச.,

பழைய பேப்பர்காரர் மாதிரி நாற்காலியைத் தராசில் வைக்கிறீர்கள். அந்த 1.7 கிலோவுக்கு இறங்கத்தான் அந்த மனிதர் அவ்வளவு பாடுபட்டார். 1952இலேயே 'லெஜ்ஜேரா', அதாவது 'லேசானது', வந்துவிட்டது. நல்ல நாற்காலி, விற்கவும் செய்தது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மேதா ஊரில் கசினா பட்டறைத் தச்சர்களோடு உட்கார்ந்து இழைத்துக்கொண்டே இருந்தார். நீங்கள் பார்த்தது 1957இல் வந்தது. கால்கள் உருண்டையல்ல, முக்கோணம். கனம் 18 மில்லிமீட்டர். ஆஷ் மரம் வளைந்து கொடுக்கும், சட்டென்று முறியாது என்பதால்தான் இது முடிந்தது. மிலானின் பிரெல்லி கோபுரத்தை 120 மீட்டருக்கு மேல் எழுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே ஆள், ஒரு நாற்காலிக் காலில் எங்கே இன்னும் சீவலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பி என்ற குற்றச்சாட்டை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கியாவரியில் 1807இல் தெஸ்கால்சி என்ற தச்சர் தொடங்கிவைத்த மரபு அது. போன்டி அதை மறைத்தவரல்ல.

உங்கள் நான்கு அடைமொழிகள்தான் எனக்கு எரிச்சல். போன்டி வேண்டும் என்றது 'நாற்காலி-நாற்காலி'. அடைமொழியே இல்லாத ஒன்று. (கடைசியில் 'மிக மிக லேசு' என்ற அடைமொழியே அதற்குப் பெயராக வாய்த்தது வேறு கதை.)

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் மனைவியின் சிரிப்புக்காக. எங்கள் வீட்டில் அப்பா ஆள் வைத்துச் செய்த தேக்கு நாற்காலி ஒன்று இருந்தது. "மூணு தலைமுறைக்குத் தாங்கும்" என்பார். சாயங்காலம் அம்மா அதைக் கூடத்திலிருந்து திண்ணைக்கு இழுத்துக்கொண்டு போவாள். தூக்க முடியாது. கர்ரென்று தரையில் தேயும். "தரை கீறுது பார்" என்று அப்பா உள்ளிருந்து கத்துவார். சில நாள் நானும் கத்தியிருக்கிறேன். ஒருவரும் எழுந்துபோய்த் தூக்கிக் கொடுத்ததில்லை. கடைசி இரண்டு வருடம் அந்தச் சத்தம் இல்லை. அம்மா வாசற்படியிலேயே உட்கார ஆரம்பித்திருந்தாள். காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு, வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் அந்த நாற்காலியை முதன்முதலாகத் தூக்கினேன். வாசல்வரைகூட ஒரே மூச்சில் கொண்டுபோக முடியவில்லை.

நகலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? எதையோ வாங்குங்கள். கடைக்கு மனைவியையும் கூட்டிப் போங்கள். நீங்கள் விலைச் சீட்டைப் பாருங்கள், அவர் தூக்கிப் பார்க்கட்டும்.