பரணில் கிடைத்த 11 ரெக்கார்டுகள்

கேள்வி: என் பெரியப்பா ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுப் பரணில் 11 எல்.பி. ரெக்கார்டுகள் கிடைத்தன. தமிழ்ப் பாட்டு ஒன்றுகூட இல்லை. மாம்போ, சாச்சா, போசா நோவா என்று போட்டிருக்கிறது. தட்டுகள் நன்றாக இருக்கின்றன, அட்டைகளில்தான் பூஞ்சை. அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? சில படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். கியூபாவின் நடன இசையான மாம்போ, சாச்சா, பிரேசிலின் போசா நோவா என்று நாற்பது வருடமாக நான் லத்தீன் அமெரிக்க ரெக்கார்டு சேர்ப்பதற்கு முதல் காரணமே அந்த அட்டைகள்தான்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பாருங்கள். ஆரஞ்சும் கறுப்புமாக அழுத்தி இழுத்த ஓவியம். அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் பிரேசில் பாடகர் ஜுவாவ் ஜில்பெர்ட்டோவும் சேர்ந்து 1964-இல் வெளியிட்ட போசா நோவா தட்டு அது. வரைந்தவர் ஓல்கா அல்பிசு, போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த பெண் ஓவியர். பிரேசில் இசையைக் கேட்ட எத்தனையோ வீடுகளுக்கு அவருடைய ஓவியம் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பிரேசிலிலேயே 1963-இல் தொடங்கிய எலெங்கோ ரெக்கார்டு கம்பெனிக்கு செசார் வில்லெலா போட்ட அட்டைகள் வேறு ரகம்: கறுப்பு, வெள்ளை, நடுவே சில சிவப்புப் பொட்டுகள், அவ்வளவுதான். நியூயார்க்கில் 1964-இல் பிறந்த ஃபானியா ரெக்கார்டு கம்பெனிக்கு இஸி சனாப்ரியா செய்த அட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, இசைக்கலைஞர் வில்லி கொலோனை போலீஸ் தேடும் குற்றவாளி போலக் காட்டும் அட்டை. தட்டை மட்டும் வைத்துக்கொண்டால் இதெல்லாம் போய்விடும்.

சரி, பூஞ்சைக்கு வருவோம். ஈரத்துணி மட்டும் கூடவே கூடாது. 1983-இல் மூர் மார்க்கெட்டில் வாங்கிய மாம்போ இசைக்குழுத் தலைவர் பெரெஸ் பிராடோவின் ரெக்கார்டு ஒன்றை அப்படித்தான் துடைத்தேன். மேல்தாள் சுருண்டு, டிரம்பெட் படத்தில் பாதி துணியோடு வந்துவிட்டது. இன்றைக்கும் அதை எடுத்தால் மனசு வலிக்கிறது.

மழை இல்லாத நாளாகப் பார்த்து, மொட்டைமாடியில் நிழலில் உட்காருங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, படம் வரையும் மெல்லிய பிரஷ்ஷால் உலர்வாகத் தட்டிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுக்கும். ஃபேன் காற்றில் இரண்டு நாள் போதும். தட்டுகள் நன்றாகத் தெரிந்தாலும் கோடுகளுக்குள் பூஞ்சை இருக்கலாம். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை துடையுங்கள். நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது. அப்புறம், புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள்; ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் வளையும். ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறுகிற சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம்.

ஐந்தாவது அட்டையின் பின்பக்க மூலையில் நீல மையில் ‘கிறிஸ்துமஸ் 1966, ரயில்வே இன்ஸ்டிட்யூட்’ என்று எழுதியிருக்கிறதே, கவனித்தீர்களா? அங்கே பிரஷ்கூடப் பட வேண்டாம். அது பெரியப்பாவின் கையெழுத்தா, அவருக்குப் பரிசாகக் கொடுத்தவருடையதா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.