அதே விலைக்கு வேகமான கூபே (கூரை நிலையாக உள்ள இரண்டு கதவு கார்) வாங்கலாமே, கூரையைத் திறக்கக்கூடிய கன்வெர்டிபிளில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வியின் முதல் பாதி சரிதான். கூரையை எடுத்தால் கார் லேசாகும் என்று நினைப்போம், ஆனால் எடை கூடத்தான் செய்யும். ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை உருவி இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், உடனே வளையும். உறைக்குள் இருந்தால் அவ்வளவு சுலபமாக வளையாது. காருக்குக் கூரைதான் அந்த உறை. அது போனால் தரையையும் கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தையும் தடிமனாக்கிப் பலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் மேடுபள்ளத்தில் முன்கண்ணாடி நடுங்குவது கண்ணுக்கே தெரியும். அதனால் வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் கூபே வாங்குங்கள்.

இதற்குப் பதில் எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு 1991 மெர்சிடிஸ் 500 எஸ்எல் கன்வெர்டிபிள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் நான் வேலை பார்த்தபோது, நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் இருந்தது, எழுபதை நெருங்கும் மனிதர், வாரநாளில் அதை வெளியே எடுக்கவே மாட்டார். ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை காலை பாடன்-பாடனில் இருந்து ஃபிராய்டன்ஸ்டாட் போகும் பி500 மலைச்சாலையில் என்னைக் கூட்டிப்போனார். கறுப்புக் காடு (பிளாக் ஃபாரஸ்ட்) என்ற மலைக்காட்டின் முகட்டை ஒட்டியே போகும் சாலை அது. வழியில் மும்மல்சே ஏரியருகே நிறுத்தி, "இனி நீ ஓட்டு" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

5 லிட்டர் வி8 எஞ்சின், 326 குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட சுமார் 6 விநாடி. 1989 ஜெனீவா கண்காட்சியில் இந்தத் தலைமுறை எஸ்எல் அறிமுகமானபோது இதெல்லாம் பெரிய எண்கள். இதே வரிசையில் 2021ல் வந்த எஸ்எல் 63க்கு 585 குதிரைத்திறன், 3.6 விநாடி, அதன் பக்கத்தில் வைத்தால் பழையது எங்கோ நிற்கும். ஸ்டீயரிங்கும் அவ்வளவு கூர்மை கிடையாது, வளைவில் திருப்பினால் கொஞ்சம் யோசித்துத்தான் வண்டி திரும்பும்.

ஆனால் அன்று நான் 80ஐத் தாண்டியதே குறைவு, தாண்டவும் தோன்றவில்லை. வெயிலில் இருந்து மரநிழலுக்குள் வண்டி நுழையும் ஒவ்வொரு முறையும் குளிர் சட்டென்று முகத்தில் இறங்குகிறது, எங்கேயோ புதிதாக வெட்டி அடுக்கிய மரத்தின் பிசின் வாசனை ஒரு வளைவு முழுக்கக் கூடவே வந்து அடுத்த வளைவில் காணாமல் போகிறது, ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினால் பாறைச்சுவரில் பட்டுத் திரும்பும் எஞ்சின் சத்தம் காதுக்கு அருகிலேயே கேட்கிறது. காலடியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்திருந்த வலைத்தடுப்பு, பின்னாலிருந்து சுழன்று வரும் காற்றை நிறுத்திவிடுவதால் இரண்டு பேரும் குரலை உயர்த்தாமலே பேசிக்கொண்டு போனோம். கூபேயில் இதே சாலையை இன்னும் வேகமாகக் கடந்திருப்பேன், இதில் ஒன்றும் எனக்குக் கிடைத்திருக்காது.

இந்த நிம்மதி சும்மா வந்துவிடவில்லை. திறந்த கார் கவிழ்ந்தால் தலைக்கு மேல் ஒன்றும் இல்லையே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு மெர்சிடிஸ்காரர்கள் செய்ததுதான் எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்தது: ஒரு கனமான வளைகம்பி இருக்கைகளுக்குப் பின்னால் படுத்தே கிடக்கும், வண்டி கவிழப்போகிறது என்று சென்சார் கண்டுகொண்டால் 0.3 விநாடியில் எழுந்து நின்றுவிடும். நிரந்தரமாக ஒரு கம்பியை நட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும், ஆனால் மெர்சிடிஸின் அப்போதைய வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோ தலைமையில் வரைந்த அந்த நீளமான தாழ்ந்த கோடு கெட்டுப்போயிருக்கும். சீட் பெல்ட்டும் அப்படித்தான். வழக்கமாகப் பெல்ட்டை மாட்டும் பக்கத்தூண் (கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் தூண்) இல்லாததால் அதை இருக்கைக்குள்ளேயே பொருத்தி, விபத்தின் முழு இழுப்பையும் இருக்கையே தாங்கும்படி செய்தார்கள்.

கூரை விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காரில் வண்டியை நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால் ஹைட்ராலிக்கில் அரை நிமிடத்தில் துணிக்கூரை மடங்கிவிடும். அடுத்த இரண்டு தலைமுறைகளில் மடியும் உலோகக் கூரை வைத்தார்கள், திறந்தால் டிக்கியில் கணிசமான இடம் போய்விடும். 2021ல் மறுபடியும் துணிக்கே திரும்பியது நல்ல முடிவு என்பேன்: 21 கிலோ எடை குறைந்தது, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுகூட 15 விநாடியில் திறக்கிறது.

சரி, உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் ஷோரூமில் நின்று முடிவு செய்யாதீர்கள். ஏதாவது ஒரு கன்வெர்டிபிளை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், விடிகாலையில் மரங்கள் அடர்ந்த ஒரு மலைச்சாலைக்குப் போங்கள், ஹீட்டரைப் போட்டுக் கூரையைத் திறந்து முதல் அரை மணி நேரம் 60லேயே ஓட்டுங்கள். அது பிடிக்கவில்லையென்றால் கூபேக்கே போய்விடுங்கள்.